பக்கத்து சீட்டு பிரேக்

டமால்!

அவசரப் பிரிவு வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டி உருண்டு உடைந்தது. அந்தச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட ஹாரன். அதற்கும் மேலே காவலாளியின் குரல்.

"நிறுத்துங்கம்மா! வண்டியை நிறுத்துங்க!"

"நான் எங்கேப்பா நிறுத்தறது? அவரில்ல நிறுத்தி நிறுத்தி விடறார்!"

தரைத்தள அறையின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள் பசையக்கா. மூளை அலைகளைப் பதிவு செய்யும் அறை அவளுடையது. தலையில் இருபத்தொரு இடத்தில் பசை தடவி வயர் ஒட்டுவது வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருக்கிறது. மற்றபடி பெரிய டாக்டர் முதல் துடைப்பக்காரர் வரை எல்லோருக்கும் அவள் பசையக்காதான்.

வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார். கூரை மேல் 'டிரைவிங் ஸ்கூல்' என்று பலகை. முன்னும் பின்னும் சிவப்பில் எல். கார் நாலு அடி நகர்ந்தது, குலுங்கி நின்றது. மறுபடி நாலு அடி, மறுபடி குலுக்கல். ஸ்டியரிங்கை ஓடிப்போகும் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். பின் சீட்டில் இருந்த இன்னொரு பெண், ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன் சீட்டில் நெற்றியை இடித்து, ஒவ்வொரு இடிக்கும் "அண்ணி!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஒருவர். உடைந்த தொட்டியையும் பார்க்கவில்லை, ஓடி வந்த காவலாளியையும் பார்க்கவில்லை. வெறும் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

பசையக்கா வெளியே போய்க் கதவைத் திறந்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த மனிதரின் வலது கால் அதை அமுக்கியது, விட்டது. அமுக்கியது, விட்டது. முகத்துக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை.

"எவ்வளவு நேரமா இப்படி அமுக்கறார்?" என்று கேட்டாள் பசையக்கா.

"வழி முழுக்க. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும்னாங்க. வாசல்ல வண்டி நிக்குது, கையில லைசென்ஸ் இருக்கு, கிளம்பிட்டேன். பத்து நிமிஷத்து வழியை நாப்பது நிமிஷமா ஆக்கிட்டார் மனுஷன்!"

"அதுக்கு ஆம்புலன்ஸே வந்திருக்கும்" என்றாள் பின் சீட்டுக்காரி, நெற்றியைத் தடவிக்கொண்டே.

ஓட்டி வந்தவர் மனைவி. பின் சீட்டுக்காரி அவருடைய நாத்தனார், அதாவது பிரேக் அமுக்கிக்கொண்டிருந்த டிரைவிங் வாத்தியாரின் தங்கை. சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வருவதற்குள் குடும்பக் கதையில் பாதி பசையக்காவின் காதுக்கு வந்துவிட்டது.

வாத்தியார் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். மனைவிக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதல் நாளே தெருமுனை போவதற்குள் பதினாலு தடவை கத்தினார். அத்தோடு மனைவி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் இரண்டு மாதம் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் போய்க் கற்றுக்கொண்டார். திங்கட்கிழமை தபாலில் லைசென்ஸ் வந்தது. உறையைப் பிரித்தவர் வாத்தியார்.

"அன்னையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்றாள் நாத்தனார். "இவங்க வீட்டுல இது சகஜம். முதல்ல யார் வாயைத் திறக்கறாங்களோ அவங்க தோத்தாங்க. நான்தான் நடுவர். இதுவரைக்கும் பெரிய ஆட்டம் பதினோரு நாள். சுவருக்கு என்ன கலர் அடிக்கறதுன்னு."

"யார் ஜெயிச்சது?"

"பெயின்ட்காரன் வந்து அவனுக்குப் பிடிச்ச கலரை அடிச்சிட்டுப் போயிட்டான். டிரா."

மனைவி கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பசையக்கா வேலையைத் தொடங்கினாள். அளவு நாடாவால் தலையை அளந்தாள். மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்து, பசை வைத்து, வயர் ஒட்டினாள். "ஐயா, பேர் சொல்லுங்க. கையைப் பிடிங்க. இங்கே பாருங்க" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒருமுறை உதட்டைச் சப்பினார். இமை லேசாகப் படபடத்தது. அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, எவ்வளவு அழுத்தம்!" என்றாள் நாத்தனார். "காலைல லைசென்ஸ் வாங்கப் போற பொண்ணு கிளாசுக்கு வந்து நின்னுது. அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு மணிக்கு நான் வந்து பாத்தா, காபி ஆறி ஏடு கட்டிக் கிடக்குது. அண்ணன் காபியை விடற ஆள் கிடையாது. அப்பதான் அண்ணியைக் கத்திக் கூப்பிட்டேன்."

பசையக்கா கணினித் திரையைப் போட்டாள்.

அமைதியான மூளையின் கோடுகள் காற்றில் அசையும் துணிக்கொடி மாதிரி இருக்கும். இங்கே ரம்பப் பல். மேலிருந்து கீழ்வரை, ஓய்வே இல்லாமல், வரிசை வரிசையாக. கற்றை கற்றையாய்ப் பல் தூக்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலிக்குக் கீழே அந்த வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கியது.

அவள் போனை எடுத்தாள். "டாக்டர், ஓடி வாங்க. சத்தமில்லாத வலிப்பு. நிக்காம ஓடிட்டிருக்கு."

டாக்டர் உண்மையாகவே ஓடி வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டப்பந்தயக் கடிகாரமும் தொங்கியது. அதனாலேயே அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். பின்னாலேயே வார்டு சிஸ்டர், ஊசித் தட்டோடு.

"வலிப்பா? கை கால் வெட்டி இழுக்கவே இல்லையே?" என்றாள் நாத்தனார்.

"எல்லா வலிப்பும் இழுக்காதும்மா. சிலது மூளைக்குள்ளேயே ஓடிக்கிட்டிருக்கும். வெளியில பாத்தா ஆள் சும்மா உக்காந்து யோசிக்கற மாதிரி இருக்கும்."

"நியூட்ரல்ல நிக்கற வண்டி" என்றார் மனைவி மெதுவாக. "ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிச்சுக்கிட்டு."

டாக்டர் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "இதைவிட நல்லா நான் சொன்னதில்லை. ரொம்ப நேரம் அப்படியே விட்டா இன்ஜின் கெட்டுப்போகும். சிஸ்டர், முதல் ஊசி."

முதல் ஊசி இந்த நோய்க்கு எல்லோரும் முதலில் போடுவது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. மருந்து உள்ளே போனது. ரம்பப் பல் மழுங்கியது. கால் நின்றது. நாத்தனார் கைகூப்பினாள். பசையக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு பல் முளைத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏழாவது நிமிடம் பழைய ரம்பம். கீழே கால்: அமுக்கு, விடு.

"திரும்ப வந்துடுச்சு" என்றாள்.

"அடுத்த மருந்துக்குப் போகணும்" என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எப்பலேர்ந்து இப்படி இருக்கார்? பேசி எத்தனை நாள் ஆச்சு?"

"ஆறு நாள்" என்றாள் நாத்தனார் பெருமையாக.

டாக்டரின் முகம் வெளுத்தது. "ஆறு நாளா?"

"ஐயோ, அது கோபம் டாக்டர். வலிப்பு இல்லை."

"கோபம் எந்த நாள் முடிஞ்சுது, வலிப்பு எந்த நாள் ஆரம்பிச்சுது?"

நாத்தனார் தலையைச் சொறிந்தாள்.

"இது ரொம்ப முக்கியம்மா" என்றார் டாக்டர். "ஆரம்பிச்சு ஒரு நாளுக்குள்ளேன்னா ரெண்டு மருந்து இருக்கு. ரெண்டுல ஒண்ணைக் கொடுத்துப் பாக்கலாம். ரெண்டு மூணு நாளா ஓடுதுன்னா அதுக்கெல்லாம் நேரம் கிடையாது. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில குழாய் போட்டு, மெஷின்ல மூச்சு விடவெச்சுத் தூங்கவெக்கணும். அதுல ஆபத்தும் உண்டு. வீணா அதைச் செய்யவும் கூடாது, தேவைன்னா தள்ளிப்போடவும் கூடாது. கடைசியா இவர் இவரா இருந்தது எப்போ?"

நாத்தனார் விரல் விட்டாள். "செவ்வாய்க்கிழமை நல்லா இருந்தார். கிளாஸ்ல காட்டற போக்குவரத்துச் சின்னம் போட்ட அட்டை இருக்கில்ல, அதாலதான் பேசுவார் சண்டைன்னா. அண்ணி போன்ல பேசினா 'ஹாரன் அடிக்காதீர்' அட்டையைக் காட்டுவார். படுக்கை ரூம் கதவுல 'நுழையக் கூடாது' மாட்டியிருந்தார். புதன்கிழமையிலேர்ந்து அட்டையும் இல்லை."

"அப்போ புதன்கிழமையா?"

"அட்டைக் கட்டை நான்தான் ஒளிச்சு வெச்சேன்" என்றார் மனைவி. "புதன்கிழமை. அரிசி டின்னுக்குள்ளே."

டாக்டர் தலையில் கை வைத்தார். காது கேளாதவர்போல் இருந்த வாத்தியார் மட்டும் நிதானமாகப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

பசையக்காவுக்கு ஒன்று தோன்றியது. எத்தனையோ குடும்பங்களின் தலைகளைப் பார்த்த அறை அது. சிலர் சொல்லாமல் விழுங்குவது நோயை அல்ல, அதன் பக்கத்தில் நிற்கும் வேறு எதையோ. "நாத்தனாரம்மா, வரவேற்புல அண்ணன் பேர்ல ஒரு சீட்டுப் போட்டு வாங்கிட்டு வந்துடுங்க. ஓடுங்க" என்று அவளை வெளியே அனுப்பினாள். கதவு சாத்தியதும் மனைவியிடம் குனிந்தாள்.

"அக்கா, இந்தக் கால் எப்பத்திலேர்ந்து?"

"இன்னைக்கு. காலைல ஏழு பத்து."

"அவ்வளவு சரியாவா?"

மனைவி கதவைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கடைசியில் பசையக்காவின் காதருகே, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, சொன்னார்.

"நான் தோத்துட்டேன்."

"என்னக்கா?"

"ஏழு மணிக்கு அவரே காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்தார். பேப்பரை மடிச்சார். நான் எதிரே போய் நின்னேன். நிமிர்ந்து பாத்தார். நல்ல கோபமான பார்வை, ஒரு கோளாறும் இல்லை, எனக்குத் தெரியாதா? நான் சொன்னேன்... தப்பு என் பேர்லதான், மறைச்சிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க, வாங்க என் பக்கத்துல உக்காருங்க, முதல் ரவுண்டு உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னேன். சொல்லிட்டிருக்கறப்பவே கண்ணு எங்கேயோ நழுவிப் போச்சு. கால் பிரேக் போட ஆரம்பிச்சுது. நான் மன்னிப்புக் கேக்கறேன், இவர் எனக்குப் பிரேக் போட்டுக் காட்டறார்னு நினைச்சேன். வந்த ஆத்திரத்துல நாலு மணி நேரம் துணி துவைச்சேன். துவைச்சதையே துவைச்சேன். எட்டிக்கூடப் பாக்கலை."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு பத்து. ஆறு மணி நேரம்கூட ஆகலை. அம்மா, நீங்க தோத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா?"

"அவர் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஊர் முழுக்க ஒலிபரப்பிடுவா."

நாத்தனார் சீட்டோடு திரும்பி வந்தபோது டாக்டர் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மருந்து இருக்குன்னு சொன்னேன் இல்லையா? ரெண்டுமே பல வருஷமா கொடுக்கற மருந்துதான். இந்த மாதிரி சத்தமில்லாத வலிப்புக்கு ரெண்டுல எது மேல்னு மட்டும் இன்னும் தெளிவாத் தெரியலை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இங்கே ஒரு ஆய்வு நடக்குது. அலமாரியில நம்பர் போட்ட பெட்டி வரிசையா இருக்கு. சிலதுல அது, சிலதுல இது. எதுல எதுன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. உங்களுக்குச் சம்மதம்னா அடுத்த பெட்டியைப் பிரிப்போம். இல்லைன்னா நானே ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். சிகிச்சையில ஒரு குறையும் வெக்கமாட்டோம்."

நாத்தனார் பொங்கிவிட்டாள். "துணிக்கடையில ரெண்டு புடவையை நீட்டினா எது சாயம் போகாதுன்னு கடைக்காரனே சொல்லிடறான். நீங்க இவ்வளவு படிச்சிட்டு தெரியாதுங்கறீங்க?"

"கடைக்காரன் பொய் சொல்றான். நான் உண்மையைச் சொல்றேன்."

"புது மருந்துதான் மேல்னு இவருக்கு நெனப்பு" என்று போட்டுக்கொடுத்தார் சிஸ்டர். "பழசுதான் மேல்னு எனக்கு. அதனாலதான் ரெண்டு பேர் கண்ணையும் கட்டி விட்டிருக்காங்க."

மனைவி டாக்டரிடம் கேட்டார்: "ரெண்டும் பிரேக்தான். எது சீக்கிரம் நிறுத்துது, எது வழுக்காம நிறுத்துதுன்னு ஒரே ரோட்டுல ஓட்டிப் பாக்கறீங்க. அப்படித்தானே?"

"அப்படியேதான்."

"எதைப் போட்டாலும் நிக்கலைன்னா?"

"ஒரு மணி நேரம் பாப்போம். அலையும் அடங்கணும், அவரும் பேசணும், இல்லை சொன்னதையாவது செய்யணும். ரெண்டும் நடந்தாத்தான் மருந்து வேலை செஞ்சதுன்னு எழுதுவோம். இல்லைன்னா அடுத்தது. அதுக்கும் அடங்கலைன்னா குழாய்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "அலை அடங்கியும் சில பேருக்குப் பேச்சு திரும்ப நாளாகும். சில பேருக்கு முழுசாத் திரும்பாமலும் போயிருக்கு. மறைக்க விரும்பலை."

"எங்கே கையெழுத்து?" என்றார் மனைவி.

"அடையாள அட்டை ஏதாவது இருக்கா?"

கைப்பையிலிருந்து புத்தம் புது டிரைவிங் லைசென்ஸ் வெளியே வந்தது. போட்டோவில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தேழாம் நம்பர் பெட்டி பிரிந்தது. உள்ளே தண்ணீர் போல ஒரு மருந்து. டாக்டர் அதைப் புது மருந்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார், சிஸ்டர் பழைய மருந்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடத்தில் அது, கட்டிலுக்கு மாற்றியிருந்த வாத்தியாரின் கைநரம்புக்குள் போய்ச் சேர்ந்தது. ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கியது.

பத்தாவது நிமிடம்: ரம்பம். பதினெட்டாவது நிமிடம்: ரம்பத்தில் ஒன்றிரண்டு பல் விழுந்திருந்தது. இருபத்து நாலாவது நிமிடம் பசையக்கா திரையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த வலது கால் அசையவில்லை. மனைவியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாவது நிமிடம் கோடுகள் துணிக்கொடியாகின. அழுக்குத் துணிதான், கசங்கலும் இருந்தது. ஆனாலும் கொடி.

"அடங்கிடுச்சு" என்றாள் பசையக்கா.

"பாதி" என்றார் டாக்டர். "ஐயா! கண்ணைத் திறங்க!"

வாத்தியார் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. பேரைக் கேட்டால் சொல்லவில்லை. மனைவி முன்னால் வந்து நின்றார். வாத்தியார் அவரை ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்துவிட்டு, முகத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோபம்!" என்று துள்ளினார் மனைவி. "டாக்டர், இது கோபம்! பழைய ஆள் வந்துட்டார்! மூஞ்சியைத் திருப்பறதைப் பாருங்க, இருபத்தெட்டு வருஷமா நான் பாக்கற திருப்பு இது!"

"இருக்கலாம்மா. வெறுமனே தலை சாய்ஞ்சதாவும் இருக்கலாம். என் படிவத்துல கோபத்துக்குக் கட்டமே இல்லையே."

நாற்பத்தைந்து. ஐம்பது. சிஸ்டர் அடுத்த மருந்தை எடுத்து வைத்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக அழ ஆரம்பித்தாள். மனைவிக்கும் சந்தேகம் தட்டியது. முகம் சுருங்கிவிட்டது. அது கோபமாக இல்லாமல் இருந்தால்? அந்த நாலு மணி நேரம், துவைத்ததையே துவைத்த அந்த நாலு மணி நேரம், இவருடைய பேச்சைத் தின்றுவிட்டிருந்தால்?

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காதிடம் பேசினார்.

"வண்டியை நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

இன்னும் குனிந்தார்.

"உங்க வண்டியை. தெருமுனையில இண்டிகேட்டர் போடாமலே திரும்பினேன்."

பசையக்காவின் திரையில், காதுக்கு மேலே ஒட்டியிருந்த இரண்டு வயர்களின் கோடு மட்டும் திடீரென்று கறுத்துத் தடித்தது. டாக்டர் பாய்ந்து வந்தார். "மறுபடியுமா? சிஸ்டர், அடுத்த..."

"இருங்க டாக்டர்!" பசையக்கா கையை நீட்டித் தடுத்தாள். திரையையும் வாத்தியாரின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது மூளை இல்லை. தாடைச் சதை. வலிப்பு இல்லை இது. மனுஷன் பல்லைக் கடிக்கிறார்."

"பல்லையா?"

"நறநறன்னு. அக்கா, விடாதீங்க. மேலே சொல்லுங்க!"

மனைவிக்குச் சொல்லியா தரவேண்டும்? "வழி முழுக்க ரெண்டாவது கியர்தான். மூணுக்கு மாத்தவே இல்லை."

கோடு இன்னும் கறுத்தது.

"பக்கக் கண்ணாடியை மடிச்சே வெச்சிருந்தேன். எதுக்கு அது, சும்மா காத்தைத் தடுத்துக்கிட்டு."

சுவர்ப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஐம்பத்தேழாவது நிமிடம். ஸ்டாப்வாட்ச் டாக்டர் கட்டைவிரலைக் கடிகாரப் பொத்தான் மேல் வைத்தார்.

"அப்புறம் கிளட்ச்" என்றார் மனைவி, நிதானமாக, ஆணி அடிக்கிறவர்போல. "வீட்டுலேர்ந்து இங்கே வர்ற வரைக்கும் கிளட்ச் மேலேர்ந்து காலை எடுக்கவே இல்லை. சொகுசா இருந்துச்சு."

"பிளேட்டு தேயும்!" என்று ஒரு கரகரத்த குரல் சுவரைப் பார்த்துக் கத்தியது. வாத்தியார் தலையைத் திருப்பினார். வயர்கள் ஆடின. "கிளட்ச் பிளேட்டு தேயும்! காலை... காலை எடுன்னு எத்தனை தடவை... எதிர்த்தெருக்காரன் என்ன... என்ன எழவைத்தான் சொல்லிக்கொடுத்தான்?"

"ஐம்பத்தேழு நிமிஷம், நாப்பது வினாடி!" என்று டாக்டர் எழுதினார்.

"அண்ணன் பேசிட்டார்! முதல்ல அண்ணன்தான் பேசினார்!" நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு நடுவரானாள். "ஆறாம் நாள்! அண்ணி பேசினது வைத்தியம், அது கணக்குல வராது! அண்ணி ஜெயிச்சாச்சு!"

மனைவி சிரித்தார், அழுதார், கணவரின் கன்னத்தில் வழிந்திருந்த பசையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பசையக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பசையக்கா வாயில் கற்பனைப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கேள்விகளைத் தொடங்கினார். பேர் சரி. வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார். அது நோயல்ல, எப்போதுமே அப்படித்தான் என்றாள் தங்கை. என்ன கிழமை என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "அட்டையைத் தேடித் தேடிச் சலிச்சுப் போன நாலாவது நாள்" என்றார். புதனிலிருந்து எண்ணினால் சனிக்கிழமை, சரிதான்.

முன்பு தலையில் அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். "பத்து வருஷம் முன்னாடி கத்துக்க வந்த ஒரு பையன் வண்டியை மரத்துல ஏத்தினான். அண்ணனுக்குத் தலையில தையல்" என்று நாத்தனார் நினைவுபடுத்தினாள்.

"அந்தப் பழைய தழும்புதான் காரணமா இருக்கணும். ஸ்கேன் எடுத்துடுவோம்" என்றார் டாக்டர். "இன்னொண்ணு. நாங்க சொல்ற வரைக்கும் இவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மாசக்கணக்கா ஆகலாம்."

வாத்தியார் முகம் விழுந்தது. "அப்போ வண்டியை யார்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் மடியிலிருந்த லைசென்ஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பக்கத்து சீட்டு பிரேக்கையும் தொடக் கூடாதுன்னு சேத்து எழுதுங்க டாக்டர்" என்றார் மனைவி. "கையெழுத்தோட, சீலோட."

"எந்த மருந்து டாக்டர் அது? புதுசா, பழசா?" நாத்தனாருக்கு அது தெரியாமல் தலை வெடித்தது.

"கடைசிப் பெட்டி முடிஞ்சப்புறம்தான் தெரியும்."

"பழசுதான்" என்றார் சிஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டே.

"புதுசு" என்றார் டாக்டர், ஸ்கேனுக்கு எழுதியபடி. இருவரும் அதே சண்டையோடு வெளியே போனார்கள்.

கதவில் காவலாளி தலை தெரிந்தது. "எல் போர்டு யாருது? ஆம்புலன்ஸ் வருது, வண்டியை எடுங்க!"

மனைவி சாவியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நாத்தனார், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று "வா, வா" சொல்ல ஆள் வேண்டும் என்று கூடவே ஓடினாள்.

அறையில் வாத்தியாரும் பசையக்காவும் மட்டும். அவள் வெந்நீர்த் துணியால் பசையை ஊறவைத்து ஒவ்வொரு வயராக எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்ஜின் உறுமியது. கிளட்ச் விட்டது. கார் ஒரு குலுக்கலும் இல்லாமல், எண்ணெயில் வழுக்குவது மாதிரி, பின்னால் நகர்ந்தது. வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பசையக்கா பழக்கதோஷத்தில் அவர் வலது காலைப் பார்த்தாள். அது போர்வைக்குள் சும்மா இருந்தது.

"நல்லாத்தான் ஓட்டறாங்க ஐயா" என்றாள்.

"ம்."

"முதல்ல பேசினது நீங்கதான்னு உங்க தங்கச்சி வெளியே போய்க் காவலாளிகிட்டகூடச் சொல்லிட்டிருப்பாங்க. ஆட்டம் கைவிட்டுப் போச்சே."

வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டது. பசையக்கா அனிச்சையாகத் திரையைப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது. அது வெறும் சிரிப்புதான்.

"காலைல ஏழு பத்துக்கு அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா, பதில் சொல்லத்தான் வாய் வரலை, அவகிட்ட சொல்லிடாதீங்க, அவளே ஜெயிச்சதா இருக்கட்டும்."